பசித்தோர்க்கு விதைக்கும் பயிர்

மணிமேகலை ஏந்திய அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். ஆதிரையின் கையால் முதற்பிச்சை ஏற்ற அப்பாத்திரத்தின் சோறு காயசண்டிகையின் யானைத்தீயை அவித்தது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியது. அத்தகைய பாத்திரம் ஒன்று நம்மிடம் இருக்குமாயின், எதை இடுவது, யாருக்கு இடுவது, எவ்வளவு இடுவது என்னும் வினாக்களே எழா. நம் கைக்கு எட்டக்கூடியதோ பாத்திரமன்று, நிலம். அதுவும் சிறு நிலம். ஒன்றை விதைத்தால் மற்றொன்றுக்கு அங்கே இடமில்லை. ஆதலின், பசித்த குடும்பங்களுக்கு உதவுதற்கென்றே ஒரு துண்டு நிலத்தைப் பயிரிட முன்வருவோர், ஏர் பூட்டுவதற்கு முன்னமே ஓர் அறவினாவுக்கு விடை கூற வேண்டியவராகின்றனர். பிறர் வயிற்றுக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் உரிமை யாருடையது?

இது வேளாண்மைத் துறையார் தீர்க்கவேண்டிய வினா என்று சிலர் தள்ளிவிடுவர். மண்ணுக்கேற்ற பயிரையும் மழைக்கேற்ற பருவத்தையும் அத்துறையார் சொல்வார்கள் என்பது மெய்யே. ஆனால் உண்பவன் மனத்தையும் கொடுப்பவன் மனத்தையும் அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை.

ஆளவி நகரத்து ஏழை உழவன் கதையை நம்மவர் அறிவர். காணாமற்போன எருதைத் தேடிக் காடெல்லாம் அலைந்து, பசியோடு பகவன் வீற்றிருந்த அவைக்குக் காலந்தாழ்த்து வந்து சேர்ந்தான். பகவன் அறவுரையைத் தொடங்காமல், அவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, அவன் உண்டு இளைப்பாறிய பின்னரே வாய் திறந்தார். உடனிருந்த பிக்குகள் சிலர் முணுமுணுத்தனர் என்றும் அக்கதை கூறும். பசி முதலில், போதனை பின்னர் என்பதற்கே இக்கதையைப் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவர். அதனுள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதனை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவ்வுழவனுக்கு இடப்பட்டது, பிக்கு சங்கத்துக்கெனச் சமைத்ததில் எஞ்சியிருந்த உணவு. ஏழைக்கென்று வேறு அடுப்பு மூட்டவில்லை. வேறு பானை வைக்கவில்லை. இச்சிறு செய்தியை நினைவில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தொம்மலூரில் இன்று உழுநிலம் ஏது என்று கேட்கலாம். நகரத்தின் நடுவே, மேம்பாலத்துக்கும் கண்ணாடி மாளிகைகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஊர் இது. ஆயினும் இவ்வூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இதனைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. நிலமும் கிணறும் வீடும் சொக்கப்பெருமாளுக்குக் கொடையாக விடப்பட்ட செய்தியைக் கூறுகின்றன. ஏரியும் வயலும் இருந்த ஊர் என்பதற்கு அக்கற்களே சான்று. பக்கத்துச் சல்லகட்டா ஏரி இருந்த இடத்தில் இன்று பந்தாடும் பசும்புல் மைதானம் இருக்கிறது. நிலம் போயிற்று, பசித்தவர் போகவில்லை. மாளிகைகளைக் கட்ட வந்தவர்கள் நீலத் தார்ப்பாயின் கீழும் தகரக் கொட்டகையிலும் குடியிருக்கின்றனர். அவர்களுள் ராய்ச்சூர், கலபுரகிப் பக்கத்திலிருந்து வந்தவர் சோள ரொட்டி தட்டி உண்பவர். மண்டியா, தும்கூர்ப் பக்கத்தார்க்குக் கேழ்வரகுக் களி இல்லாத நாள் நாளன்று. தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு. ஒரே சந்தில் மூன்று வயிறுகள், மூன்று பழக்கங்கள்.

இவர்களுக்கு உதவுதற்கென ஒசகோட்டைப் பக்கமோ மாலூர்ப் பக்கமோ இரண்டு ஏக்கர் செம்மண் புன்செய் நிலம் குத்தகைக்குக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அங்கே எதை விதைப்பது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். அறம் பேசுவோர் கணக்குக்கு அஞ்சலாகாது. மானாவாரியில் கேழ்வரகு ஏக்கருக்கு ஐந்தாறு குவிண்டால் கண்டால் மனநிறைவு கொள்ளலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் நாளைக்கு ஒன்றரைக் கிலோ உண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்தரைக் குவிண்டால் ஆகிறது. ஆக, ஓர் ஏக்கர் ஒரு குடும்பத்தின் ஓராண்டுத் தானியம். இரண்டு ஏக்கர் முழுவதும் தானியமே விதைத்தால் இரண்டு குடும்பம் வாழும். மூன்றாவது குடும்பம் வாயிலில் நிற்கும். கீரைக் கணக்கோ வேறு. தண்டுக்கீரை விதைத்த மாதத்துக்குள் அறுவைக்கு வரும். நீர் வசதியுள்ள பத்துச் சென்ட் நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, வாரம் ஒரு பாத்தியாக விதைத்துவந்தால், சில பத்துக் குடும்பங்களுக்கு வாரந்தோறும் கீரைக்கட்டு தவறாமல் கொடுக்கலாம். ஆனால் கீரையை மட்டும் தின்று எவரும் கல் சுமக்க முடியாது.

அரசு தரும் தானியத்தையும் கணக்கிற் சேர்த்தாக வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் உண்டு. நாளைக்கு நூற்றறுபது கிராம் சொச்சம். அதிலிருந்து உடல் பெறும் ஆற்றல் அறுநூறு கலோரியை எட்டாது. கர்நாடக அரசு அதே 2013-இல் அன்னபாக்கியத் திட்டத்தைத் தொடங்கியது. 2023-இல் ஆளுக்கு மேலும் ஐந்து கிலோ என்று அறிவித்து, அரிசி கிடைக்காத நிலையில் அதற்கீடாகப் பணத்தை வழங்கிற்று. அட்டை கையிலுள்ள குடும்பத்துக்கு அரிசி ஓரளவு வந்துசேருகிறது. அதற்குக் குறைவது பருப்பும் கீரையும் பழமும். அட்டையை ஊரில் பெற்றோரிடம் விட்டுவிட்டு வேலை தேடி வந்தவனுக்கோ முதலில் தானியமே குறைவு. எனவே ‘சத்துள்ள பயிர் எது?’ என்று பொதுவாகக் கேட்பது பயனற்ற கேள்வி. எந்தக் குடும்பத்துக்கு எது இல்லை என்று வீடுவீடாகக் கேட்டறிந்த பின்னரே விதைக்கூடையைத் தொடவேண்டும். அவ்வாறு கேட்க நமக்குப் பொறுமை இல்லாதபோதுதான் ‘அவர்களுக்கு நல்லது நமக்குத் தெரியும்’ என்று சொல்லத் தொடங்குகிறோம்.

நமக்குத் தெரியும் என்று சொன்னவர்கள் முன்னும் இருந்தனர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தை நம் முன்னோர் மறக்கவில்லை. மைசூர் நாட்டில் 1871-இல் சுமார் ஐம்பது லட்சமாயிருந்த மக்கட்தொகை 1881-இல் சுமார் நாற்பத்திரண்டு லட்சமாயிற்று. சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். செலவைக் குறைப்பது அவர் நோக்கம். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் அதனை எதிர்த்தார்: ஒரு பவுண்டு தானியத்தைத் தின்று நாள் முழுதும் மண் வெட்டும் உடல் தேயும், பருப்பும் காய்கறியும் இல்லாத தானியம் உணவாகாது என்று எழுதினார். 1877 மே மாதத்திற் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் கணக்கற்றோர் மாண்டனர். வயிற்றை நிரப்பும் அளவு வேறு, உடலை நிறுத்தும் அளவு வேறு என்பதை நம் நாட்டிற் பிணங்கள் எழுதிக்காட்டிய ஆண்டு அது.

பின்னர் வந்த அறிவியல் பெரிது. அதனைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியர் உணவை உண்டவை கொழுத்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை நலிந்தன. அவர் தோற்றுவித்த ஆய்வகம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. 1950-இல் மைசூரில் தொடங்கிய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், நிலக்கடலை மாவும் கடலைப் பருப்பு மாவும் கலந்து பலநோக்கு உணவு ஒன்றைச் செய்து அளித்தனர். ஏழை நாடுகளிற் குறைவது புரதமே என்று அக்காலத்து அறிஞர் பலர் உறுதியாய் நம்பினர். 1968-இல் ஐக்கிய நாட்டு அவையும் புரத நெருக்கடி வருகிறது என்று அறிக்கை விட்டது. ஆனால் ஐதராபாத்து ஆய்வகத்தில் கோபாலனும் அவர் குழுவினரும் வேறொன்றைக் கண்டனர். ஏழைக் குழந்தை தன் வீட்டில் உண்ணும் தானியத்தையும் பருப்பையுமே வயிறார உண்டால் புரதக் குறை பெரும்பாலும் தானே நீங்கும். குறைவது உணவின் அளவே என்றனர். 1974-இல் மெக்லாரன் என்பார் லான்செட் என்னும் மருத்துவ இதழில், புரதத்தை மட்டுமே துரத்திய அம்முயற்சி முழுவதும் பெருந்தோல்வி என்றே எழுதிவிட்டார். இன்றோ இரும்புச் சத்தையும் வைட்டமின்களையும் பற்றிய பேச்சே மேலோங்கி நிற்கிறது. அதற்கும் காரணம் உண்டு: 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு அறுபத்தேழு பேரும் பெண்களில் ஐம்பத்தேழு பேரும் இரத்தசோகை உள்ளவராகக் காணப்பட்டனர்.

அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வது அதன் பெருமை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடையே உண்ணவேண்டியவன் ஏழை. ஆதலின் அறிஞர் சொல்லும் சத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பட்டியலே கட்டளை என்று எண்ணாதிருப்பது நல்லது.

இனிக் கேழ்வரகைப் பற்றிய சங்கடத்துக்கு வருவோம். இக்கட்டுரையின் கடினமான இடம் இதுவே.

சத்தின்படி பார்த்தால் பெங்களூரைச் சுற்றியுள்ள செம்மண்ணுக்குக் கேழ்வரகைக் காட்டிலும் ஏற்ற தானியம் இல்லை. நூறு கிராமில் சுண்ணச்சத்து ஏறத்தாழ 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. மழை தவறினாலும் தாங்கி நிற்கும். புழு பூச்சி எளிதில் அணுகாது; மைசூர் நாட்டார் நிலத்தடிக் குழிகளில் ஆண்டுக்கணக்கிற் சேமித்து வைத்துப் பஞ்சத்தைக் கடந்தனர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பண்டே வந்து இம்மண்ணைத் தன் வீடாக்கிக்கொண்ட பயிர் இது. பிற்காலத்தில் மண்டியாவில் லட்சுமணையா என்னும் அறிஞர், இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் மறுபடி இணைத்து இண்டாஃப் இனங்களை ஆக்கினார், விளைச்சல் பெருகியது. இவ்வளவு இருந்தும், ‘ஏழைகளுக்குக் கேழ்வரகு விதைப்போம்’ என்று ஒருவர் சொல்லும்போது, கேட்கும் ஏழையின் முகம் சற்றே சுருங்குவதைக் காணலாம்.

அச்சுருக்கத்துக்கு வரலாறு உண்டு. பண்ணையார் வீட்டில் நெல்லும் பண்ணையாள் கலயத்தில் கூழும் இருந்த காலம் நெடுங்காலம். ‘களி தின்னி’ என்பது வசைச் சொல்லாய் இருந்தது. சோறு தீபாவளிக்கும் திருமணத்துக்கும் மட்டும் வந்த வீடுகளிலிருந்து எழுந்துவந்தவர்க்கு, அரிசி வெறும் மாவுச்சத்தன்று; அது தலை நிமிர்ந்ததன் அடையாளம். இதனை உணராமல் சுண்ணச்சத்துக் கணக்கை அவர்முன் விரிப்பவர், அவருடைய உடலைப் பார்க்கிறாரேயன்றி அவரைப் பார்க்கவில்லை. அரசும் தன் பங்குக்கு இவ்விழிவை அச்சிட்டுக் கொடுத்தது. மேற்சொன்ன 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அரிசிக்குக் கிலோ மூன்று ரூபாய், கோதுமைக்கு இரண்டு, ‘பருமட்டான தானியங்கள்’ என்று பெயரிட்டவற்றுக்கு ஒரு ரூபாய் என விலை வைத்தது. 2018-இல் இந்திய அரசு அப்பெயரை நீக்கிச் ‘சத்துத் தானியங்கள்’ என்று அறிவித்தது. 2023 சிறுதானியங்களின் பன்னாட்டு ஆண்டாயிற்று. 2024-25 பருவத்துக்கு நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், கேழ்வரகுக்கு 4,290 ரூபாய். பாட்டன் வெட்கத்தோடு உண்டதைப் பேரன் வண்ணப் பையில் அதிக விலை கொடுத்து வாங்குகிறான். தானியம் மாறவில்லை.

தானம் செய்வோரைப் பழைய உரையாசிரியர்கள் மூவகையாகப் பிரித்தனர். தான் நல்லதை உண்டு பிறர்க்குத் தாழ்ந்ததைக் கொடுப்பவன் தானத்துக்கு அடிமை. தான் உண்பதையே கொடுப்பவன் தானத்துக்குத் தோழன். தான் எளியதை உண்டு பிறர்க்குச் சிறந்ததைக் கொடுப்பவன் தானத்துக்குத் தலைவன். இப்பகுப்பைக் கேழ்வரகுக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் எழுகிறது. சத்தளவில் அது அரிசியினும் உயர்ந்தது. மதிப்பளவில் தாழ்ந்ததாக எண்ணப்பட்டது. அதனைக் கொடுப்பவன் தலைவனா, அடிமையா? சோதனைக் குழாயில் இதற்கு விடை இல்லை. கொடுப்பவன் வீட்டு அடுப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். அவன் வீட்டுக் குழந்தைகளும் அதே நிலத்துக் கேழ்வரகை உண்கின்றனவா? உண்டால் அவன் தோழன். தன் வீட்டில் மல்லிகைப்பூப் போன்ற சோறும், பிறர் வீட்டுக்குச் சுண்ணச்சத்தும் என்றால், பேச்சு எவ்வளவு அறிவியலாயிருந்தாலும் அவன் அடிமையே.

இது மிகையான கண்டிப்பு என்று கருதுவோர், மத்தியப் பிரதேசத்து ரீவா நாட்டுக் கேசரிப் பருப்பை நினைக்க. மழையற்ற ஆண்டிலும் தானே விளையும் கெட்டிப் பயிர் அது; புரதமும் மிகுதி. நிலவுடைமையாளர் கொத்தடிமைகளுக்கு அதனையே கூலியாக அளந்தனர். மாதக்கணக்கில் அதையே உண்டவர்களின் கால்கள் முடங்கின, மீண்டும் நிமிரவில்லை. 1961-இல் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. அளந்தவர் வீட்டில் அதுவே மூன்று வேளையும் உணவாயிருந்திருந்தால், பயிரின் குற்றம் எவ்வளவு விரைவில் வெளிப்பட்டிருக்கும்!

உண்பவரே பயிரைத் தேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் நம் காலத்திற் சான்று உண்டு. ஐதராபாத்துக்கு மேற்கே, ஜகீராபாத்தை அடுத்த பஸ்தாபூரில், 1983-இல் தக்காண வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் முதன்மையானவர் பி. வி. சதீஷ், 2023-இல் மறைந்தார். சிற்றூர்த் தலித் பெண்கள் சங்கங்களாகக் கூடினர். ஆந்திர அரசு கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கிய காலம் அது. அரிசி வந்தது நன்மையே. ஆனால் சோளமும் திணையும் விளைந்த புன்செய்கள் தரிசாயின, உழவு வேலையும் குறைந்தது. தொண்ணூறுகளின் இடையில் அப்பெண்கள் வேறு வழி கண்டனர். தரிசைத் திருத்த உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் முன்பணம் பெற்று, அதனைப் பணமாக அன்றிச் சோளமாகவே திருப்பித் தந்தனர். அச்சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, மழைக்காலத்து இல்லாமைநாளில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலைக்கு அளக்கப்பட்டது. எவர் மிக ஏழை என்பதை அதிகாரி தீர்மானிக்கவில்லை. ஊரார் கூடித் தரையில் ஊர்ப்படம் வரைந்து, வீடு வீடாகப் பேசி முடிவு செய்தனர்.

அவர்களுடைய வயலில் ஒரு பயிரைத் தேடிச் சென்றவர் ஏமாந்திருப்பார். சோளம், துவரை, தட்டைப்பயறு, எள், ஆளி, தினை எனப் பதினைந்து இருபது வகை ஒரே புலத்தில் நின்றன. அதுமட்டுமன்று, விதைக்காமலே முளைக்கும் கீரை வகைகளை அப்பெண்கள் பல பத்துக் கணக்கிற் பெயர் சொல்லி அடையாளம் காட்டினர். வல்லுநர் களை என்று பிடுங்கச் சொன்னதை அவர்கள் குழம்பு என்று அறிந்திருந்தனர். 2019-இல் ஐக்கிய நாட்டு வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அச்சங்கங்களுக்குக் கிடைத்தது. பரிசைவிட நமக்கு வேண்டுவது அவர்கள் முறை. ஏழைகள் தாமே சோளத்தைத் தேர்ந்தபோது, அது இழிவின் சின்னமாய் இருக்கவில்லை. அதே சோளத்தை மேலிருந்து ஒருவர் ‘உங்களுக்கு இதுவே போதும்’ என்று அளந்திருப்பின், அது பண்ணைக் கூலியின் மறுபிறப்பாகவே இருந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கேட்டால் எல்லோரும் அரிசியையும் சர்க்கரையையும் தானே கேட்பர், குழந்தையின் சோகையை யார் பார்ப்பது என்பர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்கமுடியாது. தாய்க்கு விருப்பம் சொல்ல வாயுண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு இல்லை. ஆனால் தன் குழந்தைக்கு எது குறைகிறது என்று மதிப்போடு எடுத்துச் சொல்லப்பட்ட தாய், அதற்குச் செவிகொடாமற் போவது அரிது. செவிகொடாமைக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். கொள்ளும் காய்ந்த மொச்சையும் புரதம் மிகுந்தவை. அவை வேக நெடுநேரம் ஆகும். விடியலில் வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு, மூன்று கல் அடுப்பில், விறகு வாங்கி எரிக்கும் நிலையில், அப்புரதம் எட்டாக் கனி. இதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டு, ‘எங்களுக்குப் பிடிக்காது’ என்று முடித்துவிடுவாள். பச்சை மொச்சையாகவே பறித்துக் கொடுத்தாலோ விரைவில் வேகும். கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி வறுத்து மாவாக்கித் தந்தால், கஞ்சி இளகி நிற்கும்; சிறு வயிற்றுக்குள் அதிக மாவு செல்லும்; முளைத்தலினால் இரும்பும் சுண்ணச்சத்தும் உடலிற் சேர்வதும் எளிதாகும். கீரையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். வேலியோரம் நாலு முருங்கையும் இரண்டு பப்பாளியும் நட்டால் நிலத்தில் இடம் பிடிக்கா. நீரும் மிகுதியாய்க் கேளா. அறம் என்பது இத்தகைய சில்லறைச் செய்திகளிலும் இருக்கிறது. பெரிய சொற்களில் மட்டும் இல்லை.

நீரைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நகரத்துக் கழிவுநீரிற் பயிராகும் கீரையில் ஈயம் முதலிய கன உலோகங்கள் சேர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பெல்லந்தூர் ஏரியின் நுரையையும், அந்நீரின்மேல் தீ எரிந்த காட்சியையும் 2015-இலும் அதன் பின்னரும் நாம் கண்டோம். கைக்கருகே நிலமும் நீரும் கிடைக்கிறது என்பதற்காக அத்தகைய நீரில் விளைந்த பசுங்கீரையை ஏழைக்குக் கொடுப்பது, பசியைத் தீர்த்து நோயைத் தருவதாகும். தொலைவிலுள்ள கிணற்று நீர் நிலமே மேல், வண்டிச் செலவு ஆனாலும்.

இன்னொரு கூட்டத்தார் கேட்பர்: ஏன் இவ்வளவு தொல்லை? தக்காளியோ ரோசாவோ விளைத்து விற்று, பணத்தை அக்குடும்பங்களுக்கே கொடுத்தால் அவர்கள் வேண்டியதை வாங்கிக்கொள்வார்களே? இக்கருத்தில் மதிப்பு இருக்கிறது. பணம் பெறுபவனுக்குத் தேர்வு உண்டு. நிலம் நம்முடையதாயிருந்து, சந்தையும் நம்பத்தக்கதாயிருந்தால் மறுக்க மாட்டேன். ஆனால் கோலார்ச் சந்தையைப் பார்த்தவர் அறிவர். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளி, சில வாரங்களிற் பறிகூலிக்கும் கட்டாமற் சரிந்தது. பெருவுழவனே தாங்கமுடியாத அச்சூதாட்டத்திற் பசித்தவர் பங்கை வைப்பது முறையன்று. விளைந்த கேழ்வரகு விலை வீழ்ந்தாலும் பானைக்குள் வரும்.

ஆகவே அந்த இரண்டு ஏக்கரில், என் கருத்து இது. அக்குடும்பங்கள் வேறு சொன்னால் அவர்கள் சொல்லே நிற்க வேண்டும். பெரும்பகுதியை இந்நாட்டு உழவர் நெடுங்காலமாய்ச் செய்துவந்தபடி கலப்புப் பயிராக விடலாம்: கேழ்வரகுச் சால்களுக்கு இடையிடையே மொச்சை, துவரை, ஓரத்தில் சிறிது சோளம், எண்ணெய்க்குப் பேயெள். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கை கொடுக்கும். பருப்புச் செடிகள் மண்ணையும் வளமாக்கும். அட்டையற்ற குடும்பங்களுக்குத் தானியப் பங்கு முதலில். கிணற்றடியிற் கீரைப்பாத்தி, எல்லோருக்கும். கேழ்வரகு வயலிற் தானே முளைக்கும் பண்ணைக்கீரை முதலியவற்றைக் களையெடுக்கும் பெண்களே மடியிற் கட்டிச் செல்லட்டும். கன்னட உழவர் அக்கலப்பைப் ‘பெரகெ சொப்பு’ என்று சொல்லிச் சாறு வைக்கின்றனர். நிலத்தை நடத்தும் சங்கத்தார் வீடுகளுக்கும் அதே களத்திலிருந்து, அதே மரக்காலால், விலை கொடுத்து ஒரு பங்கு போகட்டும்.

ஆடியில் விதைத்தால் கார்த்திகையிற் கேழ்வரகுக் கதிர் அறுவைக்கு வரும். மொச்சை அதன்பின்னும் நிற்கும்; மார்கழிப் பனி விழ விழக் காய் பிடித்து, வயலைக் கடந்து போகிறவனுக்கும் மணக்கும். அதனைப் பறித்துக் கட்டி வண்டியேற்றி வரிசையில் நிறுத்தி வழங்க வேண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்குடும்பங்கள் வந்து தம் கையாலேயே பறித்துக்கொள்ளலாம். எவ்வளவு பறிப்பது என்பதை அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள்.